அடித்துவிட்ட பத்தொன்பது வரிகள்

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். நீயும் வாண்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். மூன்று தடவை உன் எண்ணை அழுத்தினேன்; மூன்று தடவையும் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். எழுதும்போது நடுவில் நிறுத்தி யோசிக்க இடம் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் போய் இன்றோடு பதினெட்டு நாள். வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. உன் கணவன் பாதி நாள் விளக்குக் கடையிலேயே சாப்பிட்டுவிடுகிறான். நான் ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

நீ அனுப்பிய பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். சிவப்பு வட்டங்களும் நீலப் பெருக்கல் குறிகளும் படியிறங்குவது போல இறங்குகின்றன. இரண்டு காதிலும் பிறவியிலிருந்தே கேட்கும் திறன் குறைவு என்று எழுதியிருக்கிறது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்றால் மூன்று சந்தேகங்கள் கேட்கிறேன். அந்தக் கருவியை அண்மையில் யாராவது சரிபார்த்தார்களா? அந்த வாரம் குழந்தைக்குச் சளி ஏதும் இருந்ததா? ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு சொல்லலாமா? நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். இரண்டாம் மாதிரியைப் பார்க்காமல் நாங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

என் நோட்டும் இருக்கிறதே அம்மா. வாண்டுக்குப் பதின்மூன்று மாதமானபோது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று நீ சொன்னாய். அடுத்த மாதமே தினமும் அவளைச் சோதித்து அதில் எழுத ஆரம்பித்தேன். காலையில் பால் குடித்ததும் அவளைச் சுவர் பக்கம் பார்க்க உட்காரவைத்து, பின்னால் நின்று முதலில் கைமணி, அடுத்து டம்ளரில் ஸ்பூன், பிறகு பட்டன் டப்பா, கடைசியில் பெயர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மனதுக்குள் பத்து எண்ணுவேன். பதினோரு மாதம், இருநூற்றுத் தொண்ணூறு காலைகள். அநேகமாக எல்லா நாளும் திரும்பியிருக்கிறாள். இதை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்று. உன் கணவன் 22ஆம் தேதி அங்கே வந்து குழந்தையை இரண்டு மாதத்துக்கு இங்கே அழைத்துவரப் போகிறான். கேட்பதற்காகக் காதில் மாட்டியிருக்கும் அந்த மெஷின் இல்லாமல் விட்டுப் பார்த்தால் தானாகப் பேசுவாளாம். மெஷின் பழகிவிட்டால் அப்புறம் பேசவே மாட்டாளாம். "உங்க நோட்டே சொல்லுதேப்பா, இல்ல?" என்று என்னிடம் கேட்டான். நான் தலையாட்டினேன். ஆட்டினேனா, அதுவாக ஆடியதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமனார்


மார்ச் 9, திங்கட்கிழமை

மாமாவுக்கு,

வழக்கம்போல "அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கருவியைச் சரிபார்த்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, ஜனவரி தேதி. சளி இல்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரே பரிசோதனையும் இல்லை, மாமா. நான்கு. அதில் ஒன்று அவள் தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி எடுத்தது. சத்தம் நரம்பு வரைக்கும் போகிறதா என்று பார்ப்பது. தூங்குகிற குழந்தை யாரையும் ஏமாற்றாது.

கடைசிப் பரிசோதனையை நானே பார்த்தேன். கதவை மூடினால் நம் மூச்சு நமக்கே கேட்கிற அறை. வாண்டு என் மடியில். காதில் ஹெட்போன், கையில் சின்ன மரக்கட்டை. சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும். காது பரிசோதிக்கிற அம்மா இரண்டே நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார். உரத்த சத்தத்துக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் போட்டாள். சத்தம் குறையக் குறைய கட்டை கன்னத்திலேயே நின்றுவிட்டது. அவள் காதிலிருந்த ஹெட்போனிலிருந்து வெளியே கசிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. கட்டையை வைத்துக்கொண்டு, எப்போது போடச் சொல்வார்கள் என்று அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா வீட்டில் தினமும் சோதித்து எழுதிவைத்திருக்கிறார் என்று நான் சொன்னதும் அந்த அம்மா சிரிக்கவில்லை. "வரிசைய மாத்துவாரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம், மாமா. பதின்மூன்றாம் மாதத்தில் நான் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லையா" என்றார் உங்கள் மகன். கிளினிக் டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு தடவை கை தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த நான் திடுக்கிட்டேன், என் முகத்தைப் பார்த்து அவள் திரும்பினாள். நார்மல் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். உங்கள் மகன் மூன்று வயதில்தான் பேசினார் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து, அன்றைய பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைப்பீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கட்டம் போட்ட நோட்டோடு எப்படிச் சண்டை போடுவது? பெற்றவளுக்கே பைத்தியமோ என்று நானே நினைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. பிறந்த இரண்டாம் நாளே காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்த்திருக்க வேண்டுமாம். அன்றைக்கு அந்த மெஷின் பழுது, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். நான் போகவில்லை.

இப்போது போட்டிருக்கும் மெஷின் இரண்டு வாரம்தான் ஆகிறது. விழித்திருக்கிற நேரம் முழுக்க மாட்டியிருக்க வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது, பேச்சு பதிகிற வயது இதுதான் என்கிறார்கள். இவர் இரண்டு மாதம் கழற்றிவைக்கப் போகிறாராம். நோட்டு தப்பு என்று உங்கள் கைப்பட எழுதி அவரிடம் கொடுங்கள். ரிப்போர்ட்டை நம்பமாட்டார், என்னை எப்போதுமே நம்பியதில்லை. உங்கள் எழுத்தை நம்புவார்.

மருமகள்


மார்ச் 14, சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். "வரிசைய மாத்துவாரா" என்ற இடத்தில் நான்கு தடவையும் நின்றேன்.

மாற்றியதில்லை. ஒரு நாள்கூட மாற்றியதில்லை. மாற்றினால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது என்று நினைத்தேன். அதே இடம், அதே நேரம், அதே பத்து எண்ணிக்கை. அவள் திரும்பியதும் நான் சிரிப்பேன், தலையைத் தடவுவேன். வாண்டுக்கு என் பத்து பழகிவிட்டது. பத்து ஆனதும் திரும்பினால் தாத்தா சிரிப்பார் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு கெட்டிக்காரக் குழந்தை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் நான் காது என்று பதினோரு மாதம் எழுதிவந்திருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் அறியாமல் செய்த பிழை என்று சொல்லிவிடலாம். முடியவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆறாவது மாதத்தில் ஒரு நாள், ஸ்பூனைத் தூக்கிய நேரத்தில் சட்டைப் பையில் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. என் கை நின்றுவிட்டது. அவள் திரும்பிவிட்டாள். "சத்தத்துக்கு முன்பே திரும்பினாள்" என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். பிறகு ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "என் கவனப் பிழை" என்று குறித்திருக்கிறேன். தும்மலை அடக்கி நின்ற நாள், டப்பா மூடி இறுகிக்கொண்ட நாள், இப்படிப் பத்தொன்பது நாள். பத்தொன்பது வரிகளையும் ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன்.

நோட்டில் உண்மையாக இருந்தவை அந்தப் பத்தொன்பது வரிகள் மட்டும்தான் அம்மா. ஒவ்வொரு வரியும் நீ சொன்னதையே சொன்னது.

கூடத்தில் ஒரு சக ஊழியர் கிணற்று நீர் மாதிரி ஒன்றில் பொருந்தாமல் வந்த எண்ணை அடித்துவிட்டார் என்பதற்காக அவர் தாளில் கையெழுத்துப் போட மறுத்தவன் நான். பொருந்தாத எண்தான் முக்கியம், திரும்பச் செய்யுங்கள் என்று பெரிய பேச்சு பேசினேன். என் வீட்டுக் குழந்தைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வாரம் வந்தது. பல் தேய்க்கும்போதுகூட வந்தது.

அந்த வேகத்தில் கிளினிக்குக்கும் போனேன். டோக்கன் வாங்கி, என் முறை வந்ததும் உள்ளே போய், என் பேத்தியின் காதை எதை வைத்து நார்மல் என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஏன் பெரியவரே, கை தட்டினேன், திரும்பிச்சே" என்றார். எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள் என்றேன். "அதனால என்ன?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொல்ல வேண்டியது எல்லாம் கோர்வையாக நினைவுக்கு வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மகனிடம் சொல்லப் பார்த்தேன். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். "நோட்டுல ஒரு விஷயம்…" என்பேன். "அதான் தெரியுமேப்பா" என்பான். நான் சாதத்தைப் பிசைவேன். கடைசியில் நீ சொன்னபடி ஒரு முழுப் பக்கம் எழுதி அவன் மேசையில் வைத்தேன். படித்தானா தெரியவில்லை. மறுநாள் காலை அது சூடான பாத்திரத்துக்கு அடியில் இருந்தது.

22ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எப்படியாவது சொல்லிவிடுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் மாமனார்


மார்ச் 19, வியாழக்கிழமை

மாமாவுக்கு,

நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். உங்கள் மகன் பொறுக்கவில்லை. 22 வரைக்கும் காத்திருக்காமல் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்.

அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். கடையில் வாங்கிவந்த பிளாஸ்டிக் பையை மடித்துக்கொண்டிருந்தேன். வாண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அந்தச் சரசரப்பைத் தேடி வந்திருக்கிறாள். பையைப் பிடுங்கிக் கசக்கினாள், நிறுத்தினாள், மறுபடி கசக்கினாள். ஒரு மணி நேரம் கையை விட்டு விடவில்லை. நான் சமைக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்ததும் அந்தப் பையைத்தான் அவரிடம் கொண்டுபோய்க் கசக்கிக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பையை எல்லாம் குழந்தை கையில் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றார். குழந்தையைக் கிளப்பச் சொன்னார். நான் விடமாட்டேன் என்று கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். அவர் சண்டை போடவில்லை. அவளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள், அவர் பையைத் தொட்டுக் காட்டினாள். மூன்று தடவை. "அப்பா வாட்ச் பாக்கறியா?" என்று கையை நீட்டினார் அவர். "ரெண்டு மாசம் பாக்கலாம். அப்புறம் நீயே எனக்கு நன்றி சொல்லுவ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று பேச்சு வகுப்பில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அந்தப் பையைக் கசக்கிப் பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கசக்கினாள். தூக்கி எறிந்துவிட்டாள்.

நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டது எனக்குத் தெரியும். என்னிடம் ஒப்புக்கொண்டு என்ன பிரயோஜனம், மாமா? எனக்குத்தான் முதல் நாளிலிருந்தே தெரியுமே. பாத்திரத்துக்கு அடியில் கிடந்த காகிதத்தை எடுத்து மறுபடி அவர் கையில் ஏன் வைக்கவில்லை? கிளினிக் வரைக்கும் போய்க் கேட்க முடிந்தது, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மகனிடம் கேட்க முடியவில்லையா? உங்கள் கூச்சத்துக்கு இந்தக் குழந்தை எத்தனை நாள் விலை கொடுக்க வேண்டும்?

மெஷின் உங்கள் வீட்டில்தான் எங்கோ இருக்கிறது. இன்றோடு மூன்றாம் நாள். இனி நான் எழுதமாட்டேன்.

மருமகள்


மார்ச் 21, சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை கூரியரில் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். கூச்சம் என்று எழுதியிருந்தாய். அது மரியாதையான வார்த்தை. கோழைத்தனம் என்றே எழுதியிருக்கலாம்.

வீட்டில் அவன் அலமாரியைத் திறந்து எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். திறக்கவும் செய்தேன், இல்லை. பிறகு, கேட்காமல் எடுப்பதும் என் பழைய பழக்கம்தான் என்று தோன்றியது. சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

உனக்குத் தெரியும், பகலிலேயே எல்லா விளக்கும் எரிகிற கடை. உள்ளே போனதும் வியர்த்துவிட்டது. கணவன் மனைவி இருவர் தொங்குவிளக்கு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்க்கும் பெண் எழுந்து நாற்காலி போட்டாள். வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் தண்ணீர் கொடுப்பார்கள், குடித்தால் வந்த காரியம் போய்விடும்.

"என்னப்பா, இங்க?" என்றான்.

"குழந்தையோட மெஷின் எங்க?"

"வீட்டுல பேசிக்கலாம்ப்பா."

"வீட்டுல எனக்குப் பேச வரல. அதான் இங்க வந்தேன்."

தொங்குவிளக்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். நான் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

"கேக்குது கேக்குதுன்னு இருநூத்தித் தொண்ணூறு நாள் எழுதினது யாரு? நீங்கதானே?"

"நான்தான். தப்பா எழுதினேன். தப்புன்னு காட்டின பத்தொம்பது நாளையும் நானே அடிச்சேன். உம் பொண்டாட்டி சொன்னது அத்தனையும் நெஜம். நானும் நீயும் சேர்ந்து அவ வாய அடைச்சோம்."

இது மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் மேசை மேலிருந்த ரசீதுப் புத்தகத்தை மூடினான். பிறகு, "அத மாட்டினா எம் பொண்ணு செவிடுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ப்பா" என்றான். கடையில் எல்லோரும் இருந்தார்கள். அப்படியும் சொன்னான்.

"மாட்டலேன்னாலும் அவளுக்குக் கேக்கப்போறதில்லப்பா" என்றேன்.

மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தான். சின்ன பல்புகளைச் சுற்றிவைக்கிற மெத்தென்ற தாளில் இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தான். பேட்டரிகளைக் கழற்றி வேறு தாளில் வைத்திருந்தான். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், பார்த்ததை விடாமல் எழுத வேண்டும் என்று இப்போது ஒரு பயம். அவனுக்கு வக்காலத்து வாங்குவதற்காக எழுதவில்லை. நான்கு நாள் போனது போனதுதான்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. இன்று முதல் பஸ்ஸில் கிளம்பி நானே கொண்டுவந்தேன். இந்தக் கடிதத்தை உன் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டியையும் கடிதத்தையும் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். மாடி ஏறி உன் கதவைத் தட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அடக்கம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நோட்டில் எழுதியது தவறு, நம்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றும் உள்ளே இருக்கிறது. அதற்கு ஒரு பிரதி அவனிடம் கொடுத்திருக்கிறேன். கையில் கொடுத்தேன். என் எதிரே படித்தான்.

உன் மாமனார்


மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை

மாமாவுக்கு,

பெட்டி கிடைத்தது. வாங்கின இரண்டாம் நிமிஷம் மாட்டிவிட்டேன். இடது பக்கம் கொஞ்சம் விசில் அடித்தது, அழுத்திவைத்ததும் சரியாகிவிட்டது.

நேற்று நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் போனீர்கள், திரும்பி வந்தீர்கள், மறுபடி போனீர்கள். கூப்பிடலாம் என்று ஜன்னல் வரைக்கும் வந்தேன். கூப்பிடவில்லை. கோபம் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியாது. அவள் வயதுக் குழந்தைகள் தெருவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது உங்கள் முகமும் அவர் முகமும்தான் நினைவுக்கு வருகின்றன.

நேற்றுச் சாயங்காலம் அவர் போன் செய்தார். பேட்டரியை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

யோக்கியதைக் கணக்கை நீங்களே பார்த்துக்கொண்டு தீர்ப்பையும் நீங்களே எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் எப்படி? ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எனக்கு இங்கே ஒரு தையல் கூடத்தில் வேலை. அந்த மாதத்திலிருந்து பேச்சு வகுப்பு செவ்வாயும் வெள்ளியும், பத்திலிருந்து பதினொன்றரை வரைக்கும். பெரியவர் ஒருவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். டீச்சர் சொல்வதைத் திரும்பச் சொல்ல வேண்டும், பாட வேண்டும், பொம்மை மிருகம் மாதிரிக் கத்த வேண்டும், மற்ற அம்மாக்கள் எல்லோரும் பார்ப்பார்கள். உங்களுக்கு உயிர் போகும். போகட்டும்.

3ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுங்கள். நான் எட்டு மணிக்கே போய்விடுவேன், கீழ்வீட்டு அம்மா வந்து இவளோடு இருப்பார். நேராக மாடிக்கு வந்து கதவைத் தட்டுங்கள். அவள் ஓடிவருவாள்.

மருமகள்